நடுவுல நிறுத்த முடியாத வேட்டை

சாயங்காலம் ஏழரை ஆச்சுன்னா அந்த வீட்டுல ரெண்டு ஆம்பளைங்க ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தன்னு உக்காந்துடுவாங்க. ஹால் சோபாவுல அத்தான். சின்ன ரூம் கட்டில்ல தம்பி. ரெண்டு பேர் காதுலயும் ஹெட்செட். நடுவுல இருக்கிறது ஒரே ஒரு கதவு, அதுவும் சரியா சாத்தாத கதவு. ஆனா பேசுற பேச்சு மட்டும் எங்கெங்கயோ போயி, ஊரெல்லாம் சுத்தி, இன்டர்நெட் வழியா வந்து சேரும். அதனால அத்தான் "மச்சான், இடது பக்கம், இடது பக்கம்"னு கத்துறது தம்பிக்கு எப்பவும் ரெண்டு தடவை கேக்கும். முதல்ல கதவு வழியா. அரை நொடி கழிச்சுக் காதுக்குள்ள.

கதவைத் திறந்தா ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியுமே, இதுக்கு எதுக்குக் காதுல ரெண்டு கொட்டாங்குச்சின்னு அக்கா அடுப்படியில இருந்து கேப்பா. பதில் சொல்ல ஆள் இருக்காது. வேட்டை நடந்துக்கிட்டு இருக்கும். ஆன்லைன்ல வேட்டைக்குப் போயிட்டா நடுவுல நிறுத்த முடியாது. நீ நிறுத்தினாலும் மிருகம் நிறுத்தாது. கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மிதிச்சுத் தோசை ஊத்திட்டுப் போயிடும்.

அவனை எல்லாருமே தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. அக்காவுக்குத் தம்பி, அதனால கடைக்கு வர்றவங்களுக்கும் தம்பி, மாடி வீட்டு மாமாவுக்கும் தம்பி. அத்தானுக்கு மட்டும் மச்சான். படிச்சது எலக்ட்ரிக்கல். பாக்குற வேலை அத்தானோட டிரை கிளீனிங் கடையில ஸ்டீம் பிரஸ். ஊரை விட்டு இந்த வெளிநாட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் முடிஞ்சு மூணு மாசம் ஆகுது.

வந்து முதல் ஒரு வருஷம் அவன் கடை விட்டா ரூமே கதின்னு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தான். பையன் இப்படியே போனா பித்துப் பிடிச்சுடும்னு பயந்து போயி அத்தான்தான் எங்கயோ சொல்லி வச்சு, ரெண்டாம் கையா ஒரு கன்சோலும் ஒரு சின்ன டிவியும் தூக்கிட்டு வந்தாரு. பெட்டியைப் பிரிக்கும்போது அவரு முகத்தைப் பாக்கணும், என்னமோ அவருக்கே பொறந்தநாள் மாதிரி. அவருக்கு இந்த ஊர்ல சிநேகிதம்னு சொல்லிக்க ஒரு ஆள் கிடையாது. பதினோரு வருஷமா கடை, வீடு, கடை. அவருக்குத் தெரிஞ்ச ஒரே விளையாட்டு இந்த மிருக வேட்டை. அதையும் பதினோரு வருஷமா தனியா ஆடி, தோத்து, தூங்கப் போயிக்கிட்டு இருந்தவரு. இப்போ ஒரு ஆள் கிடைச்சுட்டான்.

வேட்டையோட சட்டம் ரொம்ப எளிசு. ஒரு பெரிய மிருகம். ஐம்பது நிமிஷம் நேரம். மூணு தடவை மயங்கி விழுந்தா ஆட்டம் கலைஞ்சிடும். அந்த மூணும் பொதுச் சொத்து. அத்தான் ஒருத்தரே மூணு தடவை விழுந்தாலும் ரெண்டு பேரும் சேந்துதான் வெறுங்கையோட திரும்பணும். அத்தான் விழுறதுல கை தேர்ந்தவரு. மிருகம் வாலைத் தூக்குறது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. சரியா வாலுக்குக் கீழ போயி நிப்பாரு.

இன்னொரு சட்டமும் உண்டு. வேட்டையை யாரு ஆரம்பிச்சு வைக்கிறாங்களோ அவங்க கதைதான் முன்னால நகரும். கூடப் போனவனுக்குக் கொஞ்சம் தோலும் எலும்பும் கிடைக்கும், அவன் கதை இருந்த எடத்துலயே நிக்கும். எப்பவும் ஆரம்பிக்கிறது அத்தான்தான். "நான் போடுறேன், நீ வா மச்சான்"ம்பாரு. இப்படியே போயிப் போயி ஒரு வருஷத்துல அத்தான் காட்டைத் தாண்டி, பனிமலையைத் தாண்டி, எரிமலை வாசல் வரைக்கும் வந்துட்டாரு. அத்தனை மிருகத்தையும் சாய்ச்ச தம்பி அவனோட கதையில இன்னும் முதல் ஊரு, முதல் குளம், முதல் தவளை.

அந்தத் தவளையை அவன் காலையில ஆறு மணிக்குப் பாப்பான், சாய்க்கிற அவசரம் எதுவும் இல்லாம. வீடு தூங்கிக்கிட்டு இருக்கும். கேமை ஆஃப்லைன்ல போட்டுக்குவான். ஆஃப்லைன்ல மிருகத்துக்கு உயிர் குறைச்சல், ஏன்னா ஆள் ஒண்ணுதான். கூட வர்றதுக்கு ஒரு கீரிப்புள்ள இருக்கும், அது பேசாது, கட்டளை போடாது, அடிபட்டா மட்டும் ஓடி வந்து மருந்து தெளிக்கும். நிறுத்தணும்னா ஒரு பட்டன். மிருகம் வாயைத் திறந்தபடியே நிக்கும். இவன் பல்லு விளக்கிட்டு, துணி மடிச்சு வச்சுட்டு, ஜன்னல் வழியா குப்பை வண்டி போறதைப் பாத்துட்டு வந்து மறுபடி தொடங்கலாம்.

முதல்ல அவன் காலையிலயும் ஆன்லைன்லதான் இருந்தான். ஒரு நாள் அத்தான் போன்ல அவன் பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளியைப் பாத்துட்டாரு. கட்டில்ல படுத்தபடியே பாத்துட்டு, முழிச்சுட்டியா இரு வர்றேன்னு சுவத்தைத் தட்டினாரு. ரெண்டு நிமிஷத்துல கேமுக்குள்ள அந்தக் குளத்துக்கு மேல கழுகுல ஏறி வந்து இறங்கிட்டாரு. அன்னையில இருந்துதான் ஆஃப்லைன். ஒரு நாளைக்கு அந்த ஒரு மணி நேரம். ஏழு மணிக்கு அக்கா குக்கர் விசில் அடிச்சா அதுவும் முடிஞ்சு போச்சு.

திங்கக்கிழமை மத்தியானம் அவன் போனுக்கு ஒரு மெயில் வந்துச்சு.

நாலு மணி நேரம் ரயில்ல போனா வர்ற ஒரு ஊர்ல ரயில் பெட்டி பழுது பாக்குற பணிமனை. எலக்ட்ரிக்கல் பிரிவுல பயிற்சி வேலை. தங்க ரூம் அவங்களே குடுக்குறாங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி பல்லு வலி, ஆஸ்பத்திரியில நாள் பூரா காத்திருக்கணும்னு பொய் சொல்லிட்டு அவன் போயிட்டு வந்த இன்டர்வியூ அது. பொய் சொன்ன பாவத்துக்கு அக்கா மூணு வாரமா அவன் தட்டுல எல்லாத்தையும் மசிச்சு மசிச்சு வச்சுக்கிட்டு இருந்தா. தினம் காலையில வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சு வேற பாத்தா. வீக்கம் இல்லையேன்னு அவளே சந்தேகப்பட்டு, அப்போ வேர்லதான் பிரச்சனைன்னு அவளே முடிவும் பண்ணிக்கிட்டா.

வேலை குடுத்துட்டாங்க. ஆனா ஒரு நிபந்தனை. இப்போ வேலை பாக்குற எடத்துல இருந்து, இந்த ஆளு இங்க இவ்வளவு நாளா ஒழுங்கா வேலை பாத்தான், அனுப்ப எங்களுக்குச் சம்மதம்னு முதலாளி கையெழுத்தும் கடை முத்திரையும் போட்ட கடிதம் வேணும். வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள போயிச் சேரணும். வரலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க.

முதலாளின்னா அத்தான்.

மெயிலை அவன் ரெண்டு தடவை படிச்சான். போனைப் பாக்கெட்டுல போட்டுட்டு அடுத்த சட்டையை எடுத்து விரிச்சான். காலர் முதல்ல, அப்புறம் மணிக்கட்டுப் பட்டி, அப்புறம் கை, கடைசியா உடம்பு. மேல் பலகையைக் கையால இழுத்து இறக்கி, கால் மிதியை அமுக்குனா ஆவி புஸ்ஸுனு கிளம்பும். அந்த ஆவிக்குள்ள நின்னுக்கிட்டு, எப்படிக் கேக்குறதுன்னு யோசிச்சான்.

கேக்க முடியாததுக்கு ஆயிரம் காரணம் இருந்துச்சு. ரெண்டு காரணம் போதும். அத்தானோட வலது தோள் போயிடுச்சு. துணி மூட்டையோட படியில உருண்டதுல இருந்து கையை நெஞ்சுக்கு மேல தூக்க முடியாது. அந்த பிரஸ் பலகையை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை இழுத்து இறக்க அவரால ஆகாது. கறை எடுக்குற மேசையில உக்காந்து வேலை பாக்கலாம், அவ்வளவுதான். ரெண்டாவது, தம்பிக்கு முன்னாடி இருந்த பிரஸ்காரன்.

செவ்வாய்க்கிழமை காலையில, கடையைத் திறந்து பாய்லர் சூடாகுற நேரமாப் பாத்து, அத்தான் ஒரு விஷயம்னு தம்பி ஆரம்பிச்சான். அவரு ஒரு வெள்ளைச் சட்டையில மை கறையை உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நிமிராமலே சிரிச்சாரு. இப்படித்தான் அந்தப் பிரஸ்காரனும் ஒரு நாள் காலையில அண்ணே ஒரு விஷயம்னானாம். சொல்லுப்பான்னா ஒண்ணும் இல்லண்ணேன்னு போயிட்டானாம். மத்தியானம் சாப்பிடப் போனவன் அப்படியே போனவன்தானாம். அவன் சோத்து டப்பா இன்னும் மேல் அலமாரியில இருக்காம். இந்தக் கதையைத் தம்பி நாப்பது தடவை கேட்டிருப்பான். ஆனா முடிவுல அத்தான் புதுசா ஒரு வரி சேத்தாரு.

"அன்னைக்கே கடையைப் பூட்டியிருப்பேன். உங்கக்காதான் என் தம்பி வருவான் பொறுங்கன்னா." அப்புறம் நிமிந்து பாத்தாரு. "என்னமோ விஷயம்னியே?"

"ஹேங்கர் தீந்து போச்சு அத்தான்."

"அட, இதுக்கா இவ்வளவு இழுத்த."

தீரலை. ஹேங்கர் ரெண்டு பெட்டி முழுசா இருந்துச்சு. அவரு பாத்துடக் கூடாதுன்னு தம்பி அந்த ரெண்டு பெட்டியையும் கால்ல தள்ளித் தள்ளி பாய்லருக்குப் பின்னால ஒளிச்சு வச்சான். சாயங்காலம் அத்தான் புதுசா மூணு பெட்டி வாங்கிட்டு வந்தாரு. இப்போ அஞ்சு பெட்டி.

புதன்கிழமை வேட்டையில கேட்டுடலாம்னு முடிவு பண்ணினான். மூஞ்சியைப் பாக்காம பேசுறது சுலபம், அதுவும் மிருகம் கூட இருந்தா இன்னும் சுலபம். எரிமலைப் பாம்புக்கு எதிரா இருவதாவது நிமிஷம். அத்தான் ரெண்டு தடவை விழுந்தாச்சு. இன்னொண்ணு விழுந்தா கதை முடிஞ்சது. தம்பி வாயைத் திறந்தான். பாம்பு வாலைத் தூக்குச்சு. அத்தான் போயி அதுக்குக் கீழ நின்னாரு.

வேட்டை கலைஞ்சு ரெண்டு பேரும் வெறுங்கையோட முகாமுக்கு வந்து சேந்தாங்க. தப்பு என்னுதுதான், வாலை நான் பாக்கலைன்னாரு. இன்னொண்ணு போடவான்னு கேட்டாரு. தலை வலிக்குது அத்தான்னான். சரி ரெஸ்ட் எடு, நாளைக்கு இந்தப் பயலை ஒரு கை பாப்போம்னு சொல்லிட்டு, அவரு அந்த மைக்குல கொட்டாவி விட்டது வரைக்கும் கேட்டுச்சு.

தம்பி கேமை ஆஃப்லைனுக்கு மாத்தினான். முதல் ஊரு, முதல் குளம். தவளை வழக்கம் போல தொப்புனு வந்து உக்காந்துச்சு. அதைப் பாத்ததும் அவனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அது ஏன்னு கேட்டா அவனுக்கே தெரியாது.

அம்மாகிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு. அம்மா ஊர்ல அந்நேரம் தூங்கிக்கிட்டு இருப்பா, எழுதி அனுப்பினா எந்திரிச்சதும் படிப்பா. ரெண்டு கையும் கன்ட்ரோலர்ல இருந்துச்சு. போனைத் தலையணை மேல சாச்சு வச்சு, பேசினா எழுத்தாகுற பட்டனை அமுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சான். ஹெட்செட்டைக் கழட்டணும்னு அவனுக்குத் தோணவே இல்ல. ஆஃப்லைன் போட்டாச்சே.

"அம்மா, வேலை கிடைச்சிருச்சு. நான் படிச்ச வேலை. ஆனா நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அத்தான் கையெழுத்து வேணும். என்னால கேக்க முடியலம்மா. மூணு நாளா மீன் மாதிரி வாயைத் திறக்கிறேன், மூடுறேன். இங்க யாரும் என்னைத் திட்டுறது இல்ல. திட்டினாலாவது கோவிச்சுக்கிட்டுப் போயிடலாம். அவரு நல்லவரு. அதுதாம்மா கழுத்தைப் பிடிக்குது. கடையில அவரு. வீட்டுல அவரு. கேமுக்குள்ள போனா அங்கயும் வந்து நிக்கிறாரு. படுத்தா சுவத்துக்கு அந்தப் பக்கம் அவரு இருமுறது கேக்குது. நான் பொரண்டு படுக்குறது அவருக்குக் கேக்கும்னு பொரளாம படுத்துக்கிடக்கேன். அந்தப் பாம்பை அவரு இந்த ஜென்மத்துல சாய்க்க மாட்டாரு. அது வரைக்கும் என்னை விடவும் மாட்டாரு."

தட்டு வைக்கிற சத்தம் கேட்டுச்சு.

கதவு வழியா ஒரு தடவை. அரை நொடி கழிச்சுக் காதுக்குள்ள ஒரு தடவை.

தம்பி விருட்டுனு நிமிந்தான். டிவி மூலையில பாத்தான். தம்மாத்துண்டு மைக் படம், பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கேமை விட்டு வெளிய வந்தா பேச்சும் நின்னுடும்னு அவன் ஒரு வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தான். தினமும் அத்தான் கன்சோலை அணைச்சுட்டுப் போறதால பேச்சு தானா அறுந்துக்கிட்டு இருந்திருக்கு. இன்னைக்கு அவரு அணைக்கல. கேம் வேற, பேசுற லைன் வேற. கேம் ஆஃப்லைன்ல இருந்துச்சு. அவன் ஆன்லைன்லதான் இருந்தான்.

எல்லாத்தையும் பிடுங்கி அணைச்சான். அம்மாவுக்குப் பேசினதையும் அனுப்பாம அழிச்சான். அப்புறம் கட்டில்ல உக்காந்து மூச்சை எண்ணிக்கிட்டு இருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு ஹால்ல இருந்து அத்தான் குரல், சாப்பிட வாடான்னு. எப்பவும் போலத்தான் கேட்டுச்சு. எப்பவும் போல இருக்கிறதுதான் பயமா இருந்துச்சு.

சாப்பிடும்போது ஓரக்கண்ணால பாத்தான். அத்தான் தலை ஈரமா இருந்துச்சு. அப்போ குளிச்சிருக்காரு. எப்போ குளிச்சாரு? கேட்டுட்டுப் போயிக் குளிச்சாரா, குளிச்சுட்டு வந்து கேட்டாரா, இல்ல குளிக்கப் போனதால கேக்கவே இல்லையா? எத்தனை மணிக்குக் குளிச்சீங்க அத்தான்னு கேக்கவா முடியும். உப்பு கொஞ்சம் கம்மின்னாரு அத்தான். உப்புன்னு அவரு சொன்னதுல தம்பி ஆயிரம் அர்த்தம் தேடினான். உப்பிட்ட கையைக் கடிக்கிறவன்னு குத்திக் காட்டுறாரோ? அக்கா உப்பு டப்பாவை எடுத்து நங்குனு மேசையில வச்சா.

வியாழக்கிழமை கடையில அவன் சட்டையைப் பாக்கல, அத்தானைத்தான் பாத்தான். காலையில மச்சான்னு கூப்பிடாம ஏய் இங்க வான்னாரு. அப்போ கேட்டிருக்காரு. பத்து மணிக்குத் தானே டீ போட்டுக் கொண்டு வந்து குடுத்தாரு. அப்போ கேக்கல. டீயில சர்க்கரை இல்ல. கேட்டிருக்காரு. பதினொரு மணிக்கு ஏதோ பாட்டை விசிலடிச்சுக்கிட்டே ஒரு பட்டுத் துணியில எண்ணெய்க் கறையை ஒத்தி எடுத்தாரு. மனசுல இதை வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் விசிலடிப்பானா? அடிப்பான், அழுத்தக்காரனா இருந்தா அடிப்பான். மத்தியானத்துக்குள்ள தம்பி ரெண்டு காலரைக் கருக்கிட்டான்.

அவரையே பாத்துக்கிட்டு இருந்ததுல ஒண்ணை அவன் கவனிக்கல. அன்னைக்குக் காலையில அக்கா பல்லைப் பத்திக் கேக்கவே இல்ல. தட்டுல எதையும் மசிக்கவும் இல்ல.

மூணரை மணிக்கு அத்தான் ஓட்டல் மேசை விரிப்பு மூட்டையைக் குடுத்துட்டு வரக் கிளம்பினாரு. வேன் தெரு முனை திரும்பினதும் அக்கா கவுண்டர்ல இருந்து கையைக் காட்டினா. அவ முன்னால கடை கம்ப்யூட்டர் திறந்திருந்துச்சு.

"உக்காரு. டைப் பண்ணு."

"என்னத்தை?"

"அவங்க என்ன எழுதணும்னு கேட்டாங்களோ அதை."

தம்பி நின்ன எடத்துலயே நின்னான். தொங்குற துணியெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்ள சலசலன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு. அவரு சொன்னாரான்னு கேட்டான். அவருக்கு ஒண்ணும் தெரியாது, அவரு குளிச்சுக்கிட்டு இருந்தாருன்னா அக்கா. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை வத்திப் போச்சாம். சரி, இந்தக் கொட்டாங்குச்சியை மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டாலாவது இந்தச் செவிடனுக்குக் கேக்குமான்னு எடுத்து மாட்டினாளாம்.

"எவ்வளவு கேட்ட?"

"முதல்ல இருந்து. மீன் வாயைத் திறந்ததும் கேட்டுச்சு, மூடுனதும் கேட்டுச்சு."

தம்பி கவுண்டர் கிட்ட வந்தான். கையெழுத்து அத்தான்தானே போடணும்னு மெதுவா கேட்டான். அக்கா அவனை ஒரு மாதிரி பாத்தா. கடை யார் பேர்ல இருக்குன்னு கேட்டா. அவன் முழிச்சான். ரெண்டு வருஷமா அந்தக் கடையில நிக்கிறான், அவனுக்குத் தெரியாது. கடை ஆரம்பிக்கிறப்போ அத்தான் வேற ஒரு கம்பெனியில ஒப்பந்தத்துல இருந்தாராம், அது முடியுற வரைக்கும் சொந்தமா தொழில் நடத்தக் கூடாதுன்னு சட்டமாம். அதனால எல்லாக் காகிதமும் அவ பேர்ல. அப்புறம் மாத்தணும் மாத்தணும்னு யாரும் மாத்தல. வரிக் கடிதாசி, பாய்லர் உரிமம், தம்பி வேலைக்குச் சேந்த காகிதம், எல்லாத்துலயும் முதலாளின்னு இருக்கிறது அவ கையெழுத்து. அவன் அதைப் படிச்சுப் பாக்கவே இல்ல. அத்தான் நீட்டினாரு, இவன் போட்டான்.

டைப் பண்ணினான். ஒரே பத்திதான். அக்கா அதைத் திருப்பி வச்சுப் படிச்சா, 'ஒழுங்காக'ங்கிறதுக்குப் பக்கத்துல 'பொறுப்பாக'ன்னும் சேக்கச் சொன்னா. பிரிண்டர் கடகடன்னு துப்புச்சு. பேனா மூடியைப் பல்லால கழட்டிட்டு, போடாம அப்படியே வச்சுக்கிட்டு இருந்தா.

"அம்மாகிட்ட கடையைப் பத்திச் சொன்ன. அவரைப் பத்திச் சொன்ன. அக்கான்னு ஒருத்தி இருக்காள்னு ஒரு வார்த்தை வரல."

"அப்படி இல்லக்கா..."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் நானும்தான்டா படுத்துக்கிடக்கேன்."

தம்பி பின்னால இருந்த பிரஸ்ஸைத் திரும்பிப் பாத்தான். தான் போனப்புறம் அது முன்னால யாரு நிப்பான்னு யோசிச்சான். அத்தான் தோள் ஆகாது. புது ஆள் கிடைக்கிற வரைக்கும் இவதான் நிக்கணும், கவுண்டருக்கும் ஓடணும். அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கையெழுத்து போட்டா. டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்து, வாயால ஒரு ஊது ஊதி, ஓங்கி ஒரு குத்து.

கடிதத்தை நீட்டினா, ஆனா விடல. ரெண்டு பேர் கையிலயும் இருந்துச்சு காகிதம்.

"அனுப்புறதுக்கு முன்னாடி அவர்கிட்ட நீயே சொல்லணும். சோத்து டப்பாவை விட்டுட்டு ஓடுனவன் மாதிரி போகக் கூடாது. நான் சொல்ல மாட்டேன், சொல்லிட்டேன்."

மணி நாலு பத்து. வேன் இன்னும் வரல. தம்பி பிரஸ்கிட்ட போயி நின்னான். ஒரு வக்கீல் அம்மாவோட கறுப்பு கோட்டு, அஞ்சு மணிக்கு வாங்க வருவாங்க. ஒரு கையை முடிச்சான். மணி நாலு இருவத்தஞ்சு. கடிதத்தைப் போட்டோ எடுத்து மெயில்ல ஏத்தி வச்சாச்சு, அமுக்கினாப் போதும். நாலரை. அனுப்பிட்டு அப்புறம் சொன்னா என்னன்னு ஒரு நினைப்பு வந்துச்சு. கவுண்டர்ல அக்கா முதுகு தெரிஞ்சுச்சு. திரும்பிப் பாக்கல, ஆனா அந்த முதுகு பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாலு முப்பத்தெட்டு. போக்குவரத்துல மாட்டிக்கிட்டாரோ என்னமோ. வாசல்ல வேன் நிக்கிற சத்தம் கேட்டப்போ நாலு நாப்பத்தொண்ணு.

அத்தான் காலி மூட்டையைத் தோள்ல போடாம, தோள் வலியால கையில இழுத்துக்கிட்டே பின்பக்கம் வந்தாரு. பயலே, இன்னைக்குப் பாம்பை விடக் கூடாது, ஓட்டல்ல காத்திருந்தப்போ போன்ல ஒருத்தன் ஆடுறதைப் பாத்தேன், முதல்ல வாலை வெட்டணுமாம்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. தம்பி மிதியை அமுக்கினான். ஆவி கிளம்புச்சு. அதுக்குள்ள இருந்துக்கிட்டு சொல்லிட்டான். வேலை, ஊரு, ரூம், இன்டர்வியூ, பல்லு வலி பொய்யி, அஞ்சு மணி, அக்கா கையெழுத்து, எல்லாத்தையும் மூச்சு விடாம, வரிசை கூட இல்லாம கொட்டிட்டான். சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆவி கலைஞ்சு போயி அத்தான் மூஞ்சி பளிச்சுனு தெரிஞ்சுச்சு.

அவரு மூட்டையைக் கீழ வச்சாரு. கறை மேசைக்குப் போயி, அங்க இருந்த பிரஷ்ஷை எடுத்தாரு, திரும்ப வச்சாரு. மேல் அலமாரியைப் பாத்தாரா, சும்மா மேல பாத்தாரான்னு தம்பிக்குத் தெரியல.

"எப்போ?"

"அடுத்த மாசம் முதல் வாரம்."

"ம்."

கடிகாரத்துல நாலு நாப்பத்தெட்டு. தம்பி போனைக் கையில வச்சுக்கிட்டே நின்னான். அத்தான் தலையை ஆட்டினாரு. சரிங்கிறாரா, போங்கிறாரா, என்னமோ பண்ணுங்கிறாரா, ஒண்ணும் பிரிபடல. ஆனா ஆட்டினாரு. தம்பி அமுக்கினான். ஒரு சின்ன வட்டம் சுத்துச்சு, நின்னுச்சு. போயிடுச்சு.

பறக்குற மாதிரி இருக்கும்னு நினைச்சிருந்தான். கால் தரையிலதான் இருந்துச்சு. மிதியோட சூடு செருப்பு வழியா ஏறிக்கிட்டு இருந்துச்சு.

அத்தான் ஒரு துணியை விரிச்சு, இல்லாத கறையைத் தேடிக்கிட்டே, ரொம்ப சாதாரணமா கேக்குற மாதிரி கேட்டாரு.

"அங்க நெட் எப்படி?"

தம்பிக்குப் புரிஞ்சுச்சு. ரூமுக்கு ரூம் நல்ல வேகத்துல நெட் உண்டு, இலவசம்னு அவங்க மெயில்லயே போட்டிருந்தாங்க. அவனுக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது. அங்க நெட் சரியில்ல அத்தான், பணிமனை ஊருக்கு வெளிய இருக்கு, சிக்னலே வராதாம்னு ஒரு வரி. அது நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்னுச்சு. அதைச் சொல்லிட்டா அந்த ஊர்ல காலையிலயும் சாயங்காலமும் எல்லா நேரமும் அவனோடது. யாரும் கண்டுபிடிக்க முடியாது. பல்லு வலியை விடச் சின்னப் பொய்யி.

அத்தான் துணியில இருந்து கண்ணை எடுக்கல. இடது கையால வலது தோளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு.

"நல்லா இருக்குமாம் அத்தான்."

"அப்போ ஏழரைக்கு வந்துடு." அவரு குரல் லேசா ஏறுச்சு. "வேலை முடிய லேட்டாகும்னா எட்டு வச்சுக்கலாம். தூரமா இருந்தா என்ன, ஆன்லைன்ல தூரமா கிட்டயா. நான் போடுறேன், நீ வா."

"சரி அத்தான்."

வாசல் மணி அடிச்சுச்சு. வக்கீல் அம்மா அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டாங்க. கோட்டு ஆச்சான்னு அக்கா முன்னால இருந்து குரல் குடுத்தா. அந்தக் குரல்ல வேற எதுவும் இல்ல, கோட்டு மட்டும்தான் இருந்துச்சு. தம்பி கோட்டோட அடுத்த கையை எடுத்துப் பலகை மேல நேரா நீவி வச்சு, மிதியை அமுக்கினான்.